இரண்டு தட்டு, ஒரு தட்டு

இது நடந்தது. எனக்கே நடந்தது. நாள், கிழமை, மணி எல்லாம் சொல்கிறேன். 1949 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை மாலை 5.10-க்குத் தொடங்கியது. 25, ஞாயிறு மாலை 6.52-க்கு முடிந்தது. முடித்து வைத்தவள் நான்தான். அதனால்தான் அந்த நேரம் அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

பேய், பிசாசு என்று அலறுகிற ரகம் இல்லை நான். ரேடியோவின் வயிற்றைத் திறந்து பார்த்தே பத்து வருஷம் பிழைத்தவள். சத்தம் வந்தால் அதற்குக் காரணம் இருக்கும், திருகாணியைக் கழற்றினால் அது தெரியும் என்று நம்பினவள். அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

என் பெயர் மிலாடா. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் நானும் அக்கா ஸ்டென்காவும் குடியிருந்தோம். அந்தத் தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல செக் நாட்டிலிருந்து வந்தவர்கள். டிராமில் நாற்பது நிமிஷம் போனால் நான் வேலை பார்த்த தொழிற்சாலை. கையில் தூக்கிப் போகிற ரேடியோ செய்வோம். ஏரிக்கரைக்கும் பந்தாட்டத்துக்கும் சோற்றுப்பெட்டி மாதிரி ஜனங்கள் எடுத்துப் போவார்களே, அது. உள்ளே கட்டைவிரல் பருமனில், பல்பு மாதிரி ஐந்து கண்ணாடி வால்வுகள். ஒரு பெரிய பேட்டரி, ஒரு சின்ன பேட்டரி. மூடியின் உள்பக்கம் சுற்றிச் சுற்றி வைத்த கம்பிதான் ஏரியல். மூடியைத் திறந்தால் பாடும், மூடினால் வாயடைக்கும்.

அந்தச் சின்ன வால்வுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே இருக்கிற இழை தலைமுடியைவிட மெல்லிசு. பெட்டியில் லேசாகத் தட்டினாலே அது நடுங்கும், ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி 'டிங்' என்று கேட்கும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம். தட்டுவது ஓல்டா. கேட்பது நான்.

ஓல்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்ட்ரிச் என்பது முழுப்பெயர், யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. சுற்றிலும் இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் பேச்சு எடுபடாது. அவன் விரல் நீளப் பித்தளைச் சுத்தியலால் பெட்டியில் இரண்டு தட்டுவான். 'கேட்டுப் பார்' என்று அர்த்தம். நான் காதில் மாட்டிய குழாயில் கேட்டு, பழுது இல்லையென்றால் என் சுத்தியலால் பலகையில் ஒரு தட்டு. 'சரி, மூடு.' அவன் சுத்தியலைச் சட்டைப் பையில் செருகி, பொத்தானைப் போட்டுவிட்டு, பெட்டியை மூடித் திருகுவான். ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி. ஆறு வருஷம். இரண்டு தட்டு, ஒரு தட்டு.

பழுது என்றால் நான் பேசாமல் இருப்பேன். அவன் மறுபடி இரண்டு தட்டுவான். நான் ஒரு தட்டு தட்டுகிறவரை தட்டிக்கொண்டே இருப்பான்.

இரண்டு வருஷமாக மாலையில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒரு புது ரேடியோ வடிவமைத்தோம். எவ்வளவு தட்டினாலும் மணி அடிக்காத ரேடியோ. வழி கிடைத்தது எனக்குத்தான். பிளம் பழம் பாட்டிலில் அடைக்கிறபோது மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் போடுவோம். அதை வெட்டி, வால்வுகள் நிற்கிற தகட்டை நான்கு ரப்பர் துண்டுகளில் தொங்கவிட்டேன். ஓல்டா ஓங்கித் தட்டினான். சத்தமே இல்லை. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அக்கா கேலி செய்வாள். "ஏன்டி, இதுக்குப் பேரு காதலா, கம்பெனி வேலையா?"

காதலென்றால் ஒரு நாளாவது பூ வாங்கி வந்திருப்பான். அவன் வாங்கி வந்ததெல்லாம் வால்வு. ஆனாலும் அவன் வராத மாலைகளில் எனக்கு வீடு பிடிக்காது.

வரைபடம் போட்டவன் அவன். வரைபடத்தில் இருவர் பெயரும் இருக்கும் என்று சொல்லியிருந்தான். பெண்பிள்ளை பெயர் அதுவரை எந்த வரைபடத்திலும் ஏறியதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வருஷம் என் தூக்கத்தை விற்றேன். முதல் பெட்டி என் வீட்டில் இருந்தது. இன்னும் பன்னிரண்டு பெட்டிகளை அந்த வாரம் ஈர அறையில் வைத்திருந்தோம். வெப்ப நாட்டு மழைக்காலத்தைத் தாங்குமா என்று சோதிக்கிற இரும்பு அறை அது. மூன்றாவது மாடியின் கோடியில் இருந்தது. சுவரும் கதவும் ஒரு சாண் தடிமன். தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான்.

டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூன்று மணிக்கு மூடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைதான் மறுபடி திறப்பார்கள். 2.40-க்கு மேலாளர் ஃபார்னம் என்னைக் கூப்பிட்டார். முகம் இறுகியிருந்தது.

"ஓல்டா எங்கம்மா?"

"தெரியலை சார். இடத்துல இல்லை."

"வரைபடம் அலமாரியில இல்லை. அவன் கோட்டையும் காணோம். போன வாரம் அவன் யாரோடயோ பேசிட்டிருந்தானாமே?"

பேசிக்கொண்டுதான் இருந்தான். காபிக் கடையில் சாம்பல் தொப்பி போட்ட ஒருவனோடு. நான் உள்ளே போனதும் காகிதத்தை மடித்துவிட்டான். யார் என்று கேட்டதற்குச் சிரித்தான். "கிறிஸ்துமஸ் வரட்டும், சொல்றேன்" என்றான்.

அதைச் சொன்னேன். ஃபார்னம் மெல்லத் தலையாட்டினார். "போட்டிக் கம்பெனி ஆளா இருக்கும். நம்மளக் கவுத்துட்டான்ம்மா. உன்னையும் சேர்த்து."

என் ரப்பர் வளையம். என் பெயர். என் இரண்டு வருஷம்.

அப்போது காவலாளி ஹேன்லி சாவிக்கொத்தோடு வந்தார். "சார், அவர் வெளிய போனதை நான் பாக்கலை. மாடியெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வந்துடட்டுமா?"

ஃபார்னம் என்னைப் பார்த்தார். அவனை நன்றாகத் தெரிந்தவள் நான்தானே.

நான் சொன்னேன். "ஓடிப்போனவனை உள்ள தேடி என்ன பண்ணப் போறீங்க? மூடுங்க."

மூடினார்கள். மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இதுதான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அக்கா கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு மாவைச் சடை மாதிரி பின்னிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"ஓல்டாவா? அவனுக்குத் திருடத் தெரியுமா? ஒரு ரொட்டி கூட எடுக்கறதுக்கு என் மூஞ்சியைப் பாப்பானே! தங்கியிருக்கிற வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்டி."

"கேக்க மாட்டேன்."

"நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரேன்னானே?"

"வரமாட்டான். தட்டு வைக்காதே."

மணி 5.10. அப்போதுதான் கேட்டது.

டிங்... டிங்.

மேசை ஓரத்தில் எங்கள் ரேடியோ. மூடி மூடியிருந்தது. மூடியிருந்தால் மின்சாரம் ஓடாது. தெருவில் டிராம் போன அதிர்வு என்று நினைத்தேன். ஆனால் டிராம் போகவில்லை.

5.25. மறுபடியும். டிங்... டிங்.

மூடியைத் திறந்தேன். உடனே பாட்டு வந்தது. தேவாலயத்துப் பிள்ளைகள் பாடினார்கள். பாட்டுக்கு அடியில், அதற்குச் சம்பந்தமே இல்லாமல்... டிங், டிங். பிறகு இடைவெளி. டிங், டிங்.

நான் பயப்படவில்லை. கோபப்பட்டேன். ரப்பர் அறுந்துவிட்டது, என் வடிவமைப்பு தோற்றுவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பின்மூடியைக் கழற்றினேன். நான்கு துண்டுகளும் உறுதியாக இருந்தன. பெட்டியின் தலையில் முஷ்டியால் நாலைந்து முறை ஓங்கித் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. தட்டினால் ஒலிக்காத பெட்டி, தட்டாமல் ஒலிக்கிறது. ஐந்து வால்வுகளையும் மாற்றினேன். எல்லாம் ஓல்டா வாங்கித் தந்தவை.

6.15. டிங்... டிங்.

வால்வில் பழுது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை 11.40-க்கு இரண்டு பேட்டரிகளையும் பிடுங்கி ஜன்னல் திண்டில் வைத்தேன். இனி அதற்கு உயிரே இல்லை. வெறும் பெட்டி.

அன்று மாலை 4.45-க்குப் பண்டிகைச் சாப்பாடு. மீன் சூப், வறுத்த கெண்டை, உருளைக்கிழங்கு. அக்கா என் பேச்சைக் கேட்காமல் மூன்றாவது தட்டும் வைத்திருந்தாள். எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த ஒரு சாப்பாட்டில் உட்கார்ந்துவிட்டால், எல்லோரும் முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. முதலில் எழுகிறவர் அடுத்த வருஷம் அந்த மேசையில் இருக்கமாட்டார்.

சூப்பில் கரண்டியை விட்டேன்.

டிங்... டிங்.

அக்கா தலையைத் தூக்கினாள். "என்னடி அது?"

"உனக்கும் கேக்குதா?"

"கேக்காம? பேட்டரியைக் கழட்டினேன்னியே!"

ஜன்னல் திண்டில் இரண்டு பேட்டரிகளும் அப்படியே இருந்தன. நான் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினேன்.

"எந்திரிக்காதே! மிலா, எந்திரிச்சே... கொன்னுடுவேன். உக்காரு."

உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம். மீனின் முள்ளை எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அது தட்டிக்கொண்டே இருந்தது. பொறுமையாக. இரண்டிரண்டாக. பதில் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவன் தட்டு. அவன் கை. முதல் தட்டு கொஞ்சம் மெதுவாக, இரண்டாவது அழுத்தமாக. ஆறு வருஷம் கேட்ட காது தப்பாகச் சொல்லாது.

பயம் வந்ததா? வந்தது. ஆனால் அதைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. என் உழைப்பை விற்றுத் தின்றுவிட்டு, என்ன வித்தை வைத்தானோ இந்தப் பெட்டிக்குள், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்ததும் பெட்டியை முழுக்கப் பிரித்துப் போட்டேன். வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் வேலைதான் இருந்தது. திரும்பப் பூட்டினேன்.

ஞாயிறு. கிறிஸ்துமஸ். காலையில் தேவாலயம் போய் வந்தோம். தட்டு குறைந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒன்று. பிறகு கால் மணிக்கு ஒன்று. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது.

5.30-க்கு அக்கா பக்கத்து வீட்டுக்குப் போனாள். "நீயும் வாடி, இந்தச் சனியனோட தனியா உக்காராதே" என்றாள். நான் போகவில்லை.

6.05.

டிங்...

...டிங்.

பெட்டியைத் தொட்டேன். கையை இழுத்துக்கொண்டேன். சமையலறையில் அடுப்பு எரிகிறது. பெட்டி பனியாகக் குளிர்ந்திருந்தது. டயல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து வழிந்தது. ஒரு வாசனை... ஈர அட்டை, துரு. பழகின வாசனை. எங்கே என்று பிடிபடவில்லை.

6.31.

டிங்...

இரண்டாவது வரவில்லை. காத்திருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு.

...டிங்.

"என்னடா வேணும் உனக்கு?" வாய்விட்டுக் கத்தினேன். "எல்லாத்தையும்தான் எடுத்துக்கிட்டியே!"

6.50. மூச்சுவிடுகிற மாதிரி, அவ்வளவு லேசாக.

டிங்...

...டிங்.

எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும். ரோஷத்தில் செய்யாமல் இருந்தேன்.

கைப்பையிலிருந்து என் பித்தளைச் சுத்தியலை எடுத்தேன்.

சுவர்க் கடிகாரம் 6.52.

பெட்டியில் ஒரு தட்டு.

சரி. மூடு.

நின்றது.

பத்து நிமிஷம் பார்த்தேன். அரை மணி பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெட்டி மெல்ல மெல்லச் சூடு ஏறி, சாதாரணப் பெட்டியாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு எப்போதும் நாக்கு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை, 27. காலை 8.05. ஈர அறையிலிருந்து பன்னிரண்டு பெட்டிகளை எடுக்க ஹேன்லி தாழ்ப்பாளைத் திறந்தார்.

ஓல்டா கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கோட்டைப் போட்டிருந்தான். வீட்டுக்குக் கிளம்புகிறபோது கடைசியாக ஒருமுறை பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போயிருக்கிறான். கதவு தானாகச் சாய்ந்து தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. ஃபார்னமும் பொய் சொல்லவில்லை. அவர் நம்பினதைச் சொன்னார், நான் நம்பினேன். அவ்வளவுதான்.

கோட்டுப் பையில் வரைபடம் இருந்தது. ஈரத்தில் மை கரைந்து அவன் பெயர் நீலத் திட்டாகிவிட்டது. அதற்கு மேலே பென்சிலில் எழுதினது மட்டும் அழியவில்லை. 'மிலாடா' என்று. சாம்பல் தொப்பிக்காரன் காப்புரிமை அலுவலகங்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிற குமாஸ்தாவாம். ஒரு பெண்ணின் பெயரை முதலில் போடலாமா, சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்கத்தான் ஓல்டா அவனைப் பிடித்திருக்கிறான்.

டாக்டர் சொன்னார். "வெள்ளிக்கிழமையே போகலை. ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஏழு மணி வாக்குல இருக்கும்."

ஃபார்னம் என்னைக் கதவருகே கூட்டிப்போனார். உள்பக்கம் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து புள்ளிப் புள்ளியாக இருந்தது. நூற்றுக்கணக்கில். எல்லாம் இரண்டிரண்டாக. மேலிருந்து தொடங்கி, வரவரக் கீழே இறங்கி, கடைசியில் உட்கார்ந்தவனுடைய தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்தத் தட்டு எட்டு மைல் தாண்டி என் சமையலறைக்கு எப்படி வந்தது? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஆனால் ஃபார்னம் காட்ட நினைத்தது அதை இல்லை. கதவின் வெளிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே சாம்பல் பெயிண்ட். பழுதில்லாமல் இருந்தது. உள்ளே கடைசி இரண்டு புள்ளிகள் இருந்த உயரத்தில், நேர் எதிராக, ஒரே ஒரு புள்ளி மட்டும் உதிர்ந்திருந்தது. புதுசு. அந்தப் புள்ளிக்குள் லேசாகப் பித்தளை ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை யாரோ இங்க வந்திருக்காங்க" என்றார் ஃபார்னம். "வந்து, ஒரு தட்டு தட்டிட்டு, திறக்காம போயிருக்காங்க."

ஹேன்லி சத்தியம் செய்தார். சாவி அவரிடம்தான். மூன்று நாளும் முற்றத்துப் பனியில் அவருடைய காலடியைத் தவிர வேறு காலடி இல்லை.

நான் கைப்பையைத் திறந்து என் சுத்தியலை எடுத்தேன். அதன் தலையை அந்தப் புள்ளியில் வைத்தேன்.

பொருந்தியது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அவனுக்கு நினைவே இருந்திருக்காது, எதையும் கேட்டிருக்கமாட்டான் என்பார்கள். நானும் நம்பத் தயார்தான். ஆனால் அவனை வெளியே தூக்கினபோது நான் பக்கத்தில் நின்றேன். அவன் சுத்தியல் கையிலும் இல்லை, தரையிலும் இல்லை.

சட்டைப் பையில் இருந்தது. பொத்தான் போட்டிருந்தது.